தொட்டியில் யூட்ரிகுலேரியா: நுனி சொல்லும் கோளாறுகளும் கைவைத்தியமும்

தண்ணீரில் மிதந்துகொண்டே கடுகளவுப் பைகளால் நீர்ப்பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் செடி யூட்ரிகுலேரியா. பல வருடங்களாக இதை வளர்த்து வருகிறேன். செடி வாடும்போது வளர்ப்பவர்கள் சொல்லும் அறிகுறிகள் ஏழெட்டுக்கு மேல் இல்லை. அவற்றை, எளிய காரணத்தில் தொடங்கி செலவு வைக்கும் காரணம் வரை, கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் செடிக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். முதலாவது, இந்தச் செடிக்கு வேரே கிடையாது. மண் தருவதையெல்லாம் தண்ணீர்தான் தர வேண்டும். அதனால் செடியின் நோய் என்று தோன்றுவது பத்தில் ஒன்பது முறை தண்ணீரின் நோயாகவே இருக்கும். இரண்டாவது, இது நுனியில் வளர்ந்துகொண்டே அடியில் செத்துக்கொண்டு போகும். எந்தச் சந்தேகம் வந்தாலும் முதலில் நுனியைப் பாருங்கள். நுனி நன்றாக இருந்தால் செடி பிழைத்துக்கொள்ளும்.

கையில் இருக்க வேண்டியவை: பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் உருப்பெருக்கி, பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) பார்க்கும் காகிதம் அல்லது மீட்டர், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர், சாமணம், வெள்ளைக் கிண்ணம், ஒரு தையல் ஊசி.

அறிகுறி: அடிப்பக்கம் பழுப்பாகி அழுகுகிறது

*நுனி பச்சையாகச் சுருண்டிருக்கிறதா?* அப்படியானால் கோளாறு எதுவும் இல்லை. வேகமாக வளரும் இனங்கள் ஒரு நாளில் மூன்று, நான்கு கணுக்கள்கூட விடும். அதே வேகத்தில் பின்பக்கம் முதிர்ந்து உதிரும். அழுகிய பகுதியைச் சாமணத்தால் கிள்ளி எடுத்துவிடுங்கள். அது தொட்டியிலேயே கிடந்து மக்கினால் பாசிக்கு உரமாகிவிடும்.

*அழுகல் நுனியை நெருங்குகிறதா?* வாரத்துக்கு வாரம் செடியின் மொத்த நீளம் குறைந்துகொண்டே வந்தால், வளர்ச்சி சாவுக்கு ஈடுகொடுக்கவில்லை என்று பொருள். அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: நுனி கறுக்கிறது, அல்லது புதுச்செடி ஒரே வாரத்தில் கரைகிறது

புதிதாக வந்த செடி என்றால் முதல் சந்தேகம் குழாய்த் தண்ணீரின் குளோரின் மேல்தான். திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும். குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோரமின் கலந்த தண்ணீரானால் அப்படி லேசில் போகாது. மழைநீருக்கோ ஆர்ஓ தண்ணீருக்கோ மாறிவிடுவது நல்லது. பழைய தண்ணீரிலிருந்து புதியதற்கு ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். செடி வந்த பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, அரை மணிக்கு ஒரு கரண்டியாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்துப் பழக்குங்கள்.

அடுத்து டிடிஎஸ் பாருங்கள். என் தொட்டிகளில் 50 பிபிஎம்முக்குக் கீழே வைத்திருக்கிறேன். யூட்ரிகுலேரியா ஜிப்பா 150, 200 வரைகூடப் பொறுத்துக்கொள்ளும். யூட்ரிகுலேரியா மைனர் போன்ற சதுப்பு நில இனங்கள் பொறுக்காது.

அதற்கடுத்து பிஹெச். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நீரில் வாழும் பெரும்பாலான யூட்ரிகுலேரியா இனங்களுக்குத் தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு அப்படியே வேண்டும். வேறு பல நீர்ச்செடிகள் பைகார்பனேட்டைக் கொண்டு சமாளித்துக்கொள்ளும், இதனால் முடியாது. பிஹெச் 8-ஐத் தாண்டினால் தண்ணீரில் தனிக் கரியமில வாயு ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். செடி பட்டினி கிடந்து நுனியிலிருந்து சுருங்கும். காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை அளந்து பாருங்கள். காலையில் 6.5 காட்டிய தொட்டி பிற்பகலில் 9 காட்டினால், பாசி கரியமில வாயுவை உறிஞ்சித் தீர்க்கிறது. அப்போது நீங்கள் கவனிக்க வேண்டிய தலைப்பு பாசி.

பாசி இல்லாமலே பிஹெச் ஏறினால் அடியில் கிடக்கும் கல்லைப் பாருங்கள். சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல், சிமெண்ட் தொட்டியின் சுவர் ஆகிய மூன்றும் தண்ணீரைக் கடினமாக்கும். சந்தேகமான கல்லின் மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் வெளியே எடுத்துவிடுங்கள்.

எல்லா அளவும் சரியாக இருந்தும் நுனி கறுக்கிறது என்றால், கடந்த ஒரு மாதத்தில் தண்ணீரில் என்னவெல்லாம் போட்டீர்கள் என்று யோசியுங்கள். திரவ உரம், செம்பு கலந்த பாசிக்கொல்லி, நத்தைக்கொல்லி, மீனுக்குப் போட்ட மருந்து என்று எதுவாகவும் இருக்கலாம். செம்பு மிகக் குறைந்த அளவிலேயே நீர்ப்பூச்சிகளைக் கொன்றுவிடும், செடியையும் கெடுக்கும். மருந்து விழுந்த தொட்டியில் பாதித் தண்ணீர் மாற்றி ஒப்பேற்ற முடியாது. புதுப் பாத்திரம், புதுத் தண்ணீர், நுனித் துண்டு என்று ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

*எப்போது வெளியே உதவி கேட்பது:* புதுத் தண்ணீரில் மூன்று முறை தொடங்கியும் மூன்று முறையும் நுனி கறுத்தால், உங்கள் மீட்டருக்குத் தெரியாத ஏதோ தண்ணீரில் இருக்கிறது. அம்மோனியா, செம்பு, களைக்கொல்லி எச்சம் ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்டுத் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் கொடுங்கள். பொதுவான குடிநீர்ப் பரிசோதனையில் களைக்கொல்லி வராமல் போகலாம்.

அறிகுறி: பாசி மூடுகிறது

என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான். என் தொட்டிகளில் அதிகச் செடிகளை இழந்ததும் இதனால்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எந்தப் பாசி என்று பாருங்கள்.

*தண்ணீரே பச்சையாகக் கலங்கியிருக்கிறதா?* இது ஒற்றைச் செல் பாசி. இதற்கு எளிய வழி டாஃப்னியா என்ற நுண்ணிய நீர்ப்பூச்சி. ஒரு கரண்டி உயிருள்ள டாஃப்னியாவை விட்டால் பாசியைத் தின்று பெருகும். அவற்றின் குஞ்சுகள் செடியின் பைகளுக்கு இரையாகும். ஓரிரு வாரத்தில் தண்ணீர் தெளிந்துவிடும். இதே தொட்டியில் மீன் இருந்தால் டாஃப்னியா மிஞ்சாது.

*பச்சை நூல் போலச் சுற்றியிருக்கிறதா?* இது இழைப்பாசி. டாஃப்னியாவால் இதைத் தின்ன முடியாது. யூட்ரிகுலேரியாவின் இலைகளே நூல் போன்றவை என்பதால் பாசி எது, செடி எது என்று பிரிப்பது கடினம். முழுச்செடியையும் கழுவிக் காப்பாற்றப் பார்ப்பது வீண் வேலை. நான் செய்வது இது: நல்ல நுனிகளாகப் பார்த்து ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, வெள்ளைக் கிண்ணத்தில் சுத்தமான தண்ணீரில் போடுவேன். சாமணத்தால் நுனியின் அடியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே மெதுவாக அலசுவேன். உருப்பெருக்கியில் பார்த்து, ஒட்டியிருக்கும் இழைகளை ஊசியால் எடுப்பேன். தண்ணீரை மாற்றி இன்னும் இரண்டு முறை இதையே செய்வேன். கடைசியில் ஒரு இழைகூடத் தெரியாத நுனிகள் நாலைந்து தேறினால் போதும். மற்றதை முழுக்கக் கழித்துவிடுவேன். இதைச் செய்ய மனம் வராது என்பது தெரியும். ஆனால் ஒரு நல்ல நுனியிலிருந்து முழுத்தொட்டியும் திரும்ப வந்துவிடும். பாசி பிடித்த ஒரு கொத்து புதுத் தொட்டியையும் கெடுத்துவிடும்.

பாசி ஏன் வந்தது என்று பார்க்காமல் புதுத் தண்ணீரில் விட்டால் அதுவும் திரும்ப வரும். காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். நாள் முழுக்க நேர் வெயில் விழுகிறதா? பாதிக்கு நிழல் போடுங்கள். இயற்கையில் இந்தச் செடி பெரும்பாலும் கோரைக்கும் நாணலுக்கும் நடுவே, அவற்றின் நிழல் விழும் ஆழமில்லாத தண்ணீரில்தான் இருக்கும். உரமோ மீன் தீனியோ விழுகிறதா? நிறுத்துங்கள். அடியில் வண்டல் சேர்ந்திருக்கிறதா? குழாயால் உறிஞ்சி எடுங்கள்.

இவை எல்லாம் சரியென்றால் தொட்டியின் அடியை மாற்றிப் பாருங்கள். காய்ந்த கோரைச் சருகை ஓரிரு நாள் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சருகைத் தொட்டி அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். சத்து குறைந்த பீட்டும் (சதுப்பு நிலத்தில் செடிகள் மக்கிச் சேர்ந்தது) ஆகும். சருகு மெதுவாக மக்கும்போது கரியமில வாயு வந்துகொண்டே இருக்கும், தண்ணீர் தேயிலை நிறத்துக்கு மாறி வெளிச்சத்தைக் கொஞ்சம் தடுக்கும், பிஹெச்சும் இறங்கும். அது அழுக்கில்லை. சதுப்புக் குளங்களில் யூட்ரிகுலேரியா செழித்துக் கிடப்பது அந்த நிறத் தண்ணீரில்தான். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர்தான் நல்லது என்று நினைத்து இதை மாற்றிவிடாதீர்கள்.

சின்ன நத்தைகள் இருந்தால் பாசியை மேயும், செடிக்குப் பெரிய கெடுதல் இல்லை. பெரிய குளத்து நத்தைகள் செடியையே மேய்ந்துவிடும், பொறுக்கி எடுங்கள்.

அறிகுறி: பைகளே இல்லை

*இது யூட்ரிகுலேரியாதானா?* இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். செரட்டோபில்லம், மிரியோபில்லம் என்ற வேறு நீர்ச்செடிகளும் தூரத்திலிருந்து பார்க்க இதே போல இருக்கும். அவற்றில் பை எப்போதுமே வராது.

*பச்சைத் தண்டில் மட்டும் பை இல்லையா?* யூட்ரிகுலேரியா இன்டர்மீடியாவில் இரண்டு வகைத் தண்டுகள் உண்டு. பச்சைத் தண்டு வெளிச்சத்துக்கு; அதில் பொதுவாகப் பை இருக்காது. வெளிறிய தண்டு சேற்றுக்குள் இறங்கும்; பைகள் அதில்தான். சேற்றை மெதுவாகக் கிளறிப் பாருங்கள். இது தெரியாமல் வெளிறிய தண்டுகளை அழுகல் என்று வெட்டிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

*முன்பு இருந்தன, இப்போது குறைகின்றனவா?* பை கட்டுவது செடிக்குப் பெருஞ்செலவு. சில இனங்களில் செடியின் எடையில் பாதி வரை பைகளே இருக்கும். தண்ணீரிலேயே சத்து கிடைத்தால் செடி அந்தச் செலவைக் குறைத்துக்கொள்ளும். அதனால் செடி நீளமாக, பச்சையாக, பை இல்லாமல் ஓடினால் தண்ணீரில் உரம் அதிகம். நோஞ்சானாக, கணுக்கள் தள்ளித்தள்ளி, பை இல்லாமல் இருந்தால் வெளிச்சமோ கரியமில வாயுவோ போதவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவதற்குச் செய்யும் வைத்தியம் இரண்டாவதைக் கொன்றுவிடும்.

அறிகுறி: பை இருக்கிறது, எதுவும் பிடிபடவில்லை

பையின் வேலையை நீங்களே சோதிக்கலாம். தண்டின் நடுப்பகுதியிலிருந்து பையுள்ள ஒரு இலையை எடுத்துக் கிண்ணத்தில் தண்ணீருக்குள் வையுங்கள். நுனிப் பைகள் பிஞ்சு. அடிப் பைகள் கிழடு. உருப்பெருக்கியில் பாருங்கள். தயாராக இருக்கும் பையின் இரு பக்கமும் உள்ளே ஒடுங்கியிருக்கும், கன்னம் ஒட்டிய முகம் போல. உள்ளேயிருக்கும் தண்ணீரைச் செடி வெளியே இறைத்துவிட்டதால் வந்த ஒடுக்கம் அது. வாயருகே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு மயிர்களை ஊசி முனையால் தொடுங்கள். பக்கங்கள் சட்டென்று புடைக்கும். கதவு திறந்து, தண்ணீர் பாய்ந்து, எல்லாம் ஒரு மில்லிவினாடிக்குள் முடிந்துவிடுவதால் கதவு அசைவதைக் கண்ணால் பார்க்க முடியாது. புடைப்பை மட்டும் பார்க்கலாம். 1875-இல் சார்லஸ் டார்வின்கூட, பூச்சிகள் தலையால் முட்டித் தாமாகவே உள்ளே நுழைகின்றன என்றுதான் கருதினார். பை உறிஞ்சுகிறது என்பது பிற்பாடுதான் தெரியவந்தது.

அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

*மறுபடி ஒடுங்கிவிட்டதா?* பை நன்றாக இருக்கிறது. இரைதான் இல்லை. பழைய, மருந்து படாத தொட்டியிலிருந்து சைக்ளாப்ஸ், டாஃப்னியா போன்ற நுண்ணிய நீர்ப்பூச்சிகள் உள்ள தண்ணீரை ஒரு குவளை ஊற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் சில பைகள் கறுத்துத் தெரிந்தால் அவை சாப்பிட்டிருக்கின்றன. இறைச்சித் துணுக்கு, மீன் தீனி, பால் எதையும் போடாதீர்கள். பைக்குள் போகாது, தண்ணீர்தான் நாறும்.

*எல்லாப் பையும் புடைத்தபடியே இருக்கிறதா?* தண்ணீரை இறைக்கச் செடிக்குத் தெம்பு வேண்டும். குளிர்ந்த தண்ணீர், கிழட்டுத் தண்டு, மருந்து என்ற வரிசையில் காரணம் தேடுங்கள்.

அறிகுறி: பைகள் வெள்ளியாக மின்னுகின்றன, செடி மேலே தூக்குகிறது

பைக்குள் காற்று புகுந்திருக்கிறது. செடியைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் காதருகே பிடித்தால் மெல்லிய சடசடப்பு கேட்கும். தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சி ஒவ்வொரு பையாக வெடிக்கும் சத்தம் அது. கேட்க ஆசையாக இருந்தாலும் அடிக்கடி செய்யாதீர்கள். காற்று புகுந்த பை பெரும்பாலும் அவ்வளவுதான். புதுக்கணுக்களில் நல்ல பைகள் வரும், பொறுத்திருங்கள். இடம் மாற்றும்போது செடியைக் கையால் தூக்காமல் கிண்ணத்தால் தண்ணீரோடு மொண்டு எடுங்கள்.

இலையின் வெளியே ஒட்டிய குமிழிகள் வேறு. வெயிலில் செடி விடும் ஆக்சிஜன் அது. தட்டினால் போய்விடும்.

அறிகுறி: நுனி கெட்டியான உருண்டையாகிவிட்டது

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். யூட்ரிகுலேரியா வல்காரிஸ் வளர்த்த முதல் வருடம், குளிர் தொடங்கியதும் தண்டெல்லாம் பழுப்பாகி, அடியில் கரும்பச்சை உருண்டைகள் மட்டும் கிடந்தன. செத்துவிட்டது என்று தொட்டியோடு கொட்டிவிட்டேன். அத்தனையும் உயிருள்ள குளிர்கால மொட்டுகள். டூரியான் என்பார்கள். இன்றும் அதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

உருண்டையைச் சாமணத்தால் மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக, வழவழவென்று, பச்சையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. குழைந்து நாறினால் போய்விட்டது. குளிர்ப் பிரதேச இனங்களான வல்காரிஸ், ஆஸ்திராலிஸ், மைனர், இன்டர்மீடியா ஆகியவை பகல் குறுகித் தண்ணீர் குளிரும்போது இப்படி மொட்டு கட்டும். அவற்றை அதே தண்ணீரில் ஒரு சிறு ஜாடியில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 5 டிகிரி செல்சியஸில் மூன்று நான்கு மாதம் வையுங்கள். உறைபெட்டியில் வைக்காதீர்கள். பிறகு வெளிச்சத்துக்கும் மிதமான சூட்டுக்கும் கொண்டுவந்தால் விரியும். வெதுவெதுப்பான அறையிலேயே விட்டுவைத்தால் அழுகும், அல்லது நேரங்கெட்ட நேரத்தில் முளைத்து நோஞ்சானாகும்.

கோடையிலேயே உருண்டை கட்டினால் அது செடியின் முறையீடு. தண்ணீர் மிகவும் சூடாகியிருக்கலாம், அல்லது சத்து அறவே இல்லாமல் இருக்கலாம். ஜிப்பா, ஆரியா போன்ற வெப்பப் பிரதேச இனங்கள் இப்படி மொட்டு கட்டாது. அவற்றின் நுனி சுருங்கினால் பிஹெச் பார்க்கப் போங்கள்.

அறிகுறி: பூக்கவில்லை

அவசரப்பட வேண்டாம். முதலில் தண்ணீரின் ஆழத்தைக் குறையுங்கள். ஜிப்பா, தண்ணீர் வற்றிச் சேற்றில் படிந்ததும் மஞ்சள் பூக்களை அள்ளிவிடும். ஆரியாவுக்கு இடமும் வெயிலும் வேண்டும். சிறிய ஜாடியில் பூக்காது. ஸ்டெல்லாரிஸ், இன்ஃபிளெக்சா போன்றவை பூக்காம்பைத் தாங்க மிதவைகளைச் சக்கரம் போல விரிக்கும். சக்கரம் தெரிந்தால் பூ பின்னால் வருகிறது. பூக்காம்பில் அசுவினி ஏறினால் காம்பைத் தண்ணீருக்குள் சில மணி நேரம் அமிழ்த்துங்கள், மருந்து அடிக்காதீர்கள். ஆஸ்திராலிஸ் பூத்தும் விதை கட்டவில்லை என்றால் குற்றம் உங்களுடையது அல்ல. ஐரோப்பாவில் அது பெரும்பாலும் மலடாகவே இருக்கிறது.

அறிகுறி: மீன் தொட்டியில் அடங்காமல் பரவுகிறது

நீங்கள் விடாமலே வந்திருந்தால் அது பெரும்பாலும் ஜிப்பாதான். தலைமுடி போன்ற தண்டு, வேறு செடியோடு ஒட்டி வந்திருக்கும். ஒரு விரல்நீளத் துண்டு மிஞ்சினாலும் மறுபடி பரவும். குச்சியில் சுற்றி வாரத்துக்கு ஒரு முறை எடுத்துக்கொண்டே இருங்கள். அடர்ந்த செடிக்குள் புகுந்துவிட்டால் அந்தச் செடியையே கழிக்க வேண்டிவரும். வளர்ந்த மீனுக்கு ஆபத்தில்லை. ஆனால் வல்காரிஸ் போன்ற பெரிய பை கொண்ட இனங்களில் அப்போதே பொரித்த மீன்குஞ்சு மாட்டிக்கொள்ளும். குஞ்சுத் தொட்டியில் அவற்றை வைக்கவே வேண்டாம்.

எடுத்ததைச் சாக்கடையிலோ குளத்திலோ போடாதீர்கள். வெயிலில் முறுகக் காயவைத்துக் குப்பையில் சேருங்கள். ஜிப்பா நியூசிலாந்தில் களையாகப் பரவியிருக்கிறது. தென்கிழக்கு அமெரிக்காவின் இன்ஃபிளேட்டா அதே நாட்டின் வாஷிங்டன் மாநில ஏரிகளில் தொல்லையாகிவிட்டது.

*தரையில் புல்போல நட்ட கிராமினிஃபோலியா கரைகிறதா?* அது மிதக்கும் இனமே அல்ல. ஈரத்தரையிலும் ஓடைக்கரையிலும் வளர்வது. சத்துள்ள அடிமண்ணும் கடினத் தண்ணீரும் அதற்கு ஆகாது. சத்தற்ற அடிமண், மென்தண்ணீர், கரியமில வாயு மூன்றும் தர முடிந்தால் மட்டும் நீருக்குள் வையுங்கள். இல்லையென்றால் ஈரப் பீட்டில் தொட்டிச்செடியாக வளருங்கள்.

அறிகுறி: தொட்டியில் அல்ல, குளத்திலேயே காணாமல் போகிறது

இது வீட்டு வைத்தியத்துக்கு அப்பாற்பட்டது. வருடா வருடம் யூட்ரிகுலேரியா மிதந்த குளம் ஓரிரு பருவத்தில் வெறுமையானால், பெரும்பாலும் சுற்றியுள்ள நிலத்திலிருந்து உரமோ சுண்ணாம்போ வழிந்து வந்திருக்கும், அல்லது நீர்மட்டத்தை யாரோ மாற்றியிருப்பார்கள். உங்கள் தொட்டிச் செடியைக் கொண்டுபோய் அங்கே விட்டுச் சரிசெய்ய முயலாதீர்கள். மிச்சமிருக்கும் செடியைக் காப்பாற்றுவதாக நினைத்து அள்ளியும் வராதீர்கள். பல இடங்களில் சில இனங்கள் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. ஈரநிலங்களைக் கவனிக்கும் அரசுத் துறைக்கும், அருகிலிருக்கும் தாவரவியல் துறைக்கும் தெரிவியுங்கள்.

எழுதும்போது எந்த வருடம் வரை பார்த்தீர்கள், தண்ணீர் எந்த நிறத்தில் இருந்தது, காலை பிஹெச் எவ்வளவு என்று குறிப்பிடுங்கள். பூ இருந்தால் முன்பக்கமும் பக்கவாட்டிலும் படம் எடுத்துச் சேருங்கள். வல்காரிஸையும் ஆஸ்திராலிஸையும் இலையை வைத்துப் பிரிக்க முடியாது. கீழுதடு இரு பக்கமும் மடிந்து தொங்குகிறதா, தட்டையாக விரிந்திருக்கிறதா என்பதை வைத்துத்தான் பிரிப்பார்கள், அது பக்கவாட்டுப் படத்தில்தான் தெரியும். பூ இல்லையென்றால் நிபுணர் பையைத் திறந்து உள்ளேயிருக்கும் நான்கு கிளைச் சுரப்பிகளை நுண்ணோக்கியில் பார்ப்பார். அதற்கு அனுமதியோடு எடுத்த ஒரே ஒரு தண்டு, தண்ணீரோடு ஒரு சிறு குப்பியில், போதும்.